நாச்சிமுத்துவின் மூச்சுக்கு எந்த வண்டி

நாச்சிமுத்துவின் நுரையீரல் நின்றுபோனதால், ஆஸ்பத்திரியில் வண்டி பொருத்தச் சொன்னார்கள். கையிருப்பில் இருந்தவை இரண்டு பைக்குகள்: ஒரு யமஹா ஆர்எக்ஸ் நூறு, ஒரு சுசுகி சாமுராய். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஸ்டாண்டு போட்டு நின்றன.

"ரெண்டும் டூ ஸ்ட்ரோக்தானுங்க," என்றார் டாக்டரம்மா. "ஒரு ஸ்ட்ரோக்குல இழுக்கும், ஒரு ஸ்ட்ரோக்குல விடும். மூச்சுக்கு அது போதும். ஃபோர் ஸ்ட்ரோக் எல்லாம் மாடியில, இருதய வார்டுக்கு."

எது வேண்டும் என்று மகன் பூபதிதான் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் யார் வண்டி எடுப்பார்கள்?

அப்பாவின் மூக்குக்குழாயை முதலில் சாமுராயில் மாட்டினான். கட்டிலைக் கயிற்றால் பின்னால் கட்டிக்கொண்டு வராண்டாவில் கிளம்பினான். வராண்டா மரியாதையாக நீண்டு கொடுத்தது. அப்பா சீராக மூச்சு விட்டார். வார்த்தை ஒன்றும் விடவில்லை. காலமெல்லாம் தறிக்கூடத்தில் இருந்தவர். அந்தச் சத்தத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று பேச்சையே நிறுத்தியவர். இந்த வண்டி இருபது வருஷம் தாங்கும் என்றார் டாக்டரம்மா.

அடுத்தது ஆர்எக்ஸ். ஒரே உதை. வார்டு முழுக்க நீலப்புகை. புகைக்குத் தடையில்லை, பூங்கொத்துக்குத்தான் தடை என்றாள் நர்ஸ். இரண்டாவது கியரில் அப்பா சிரித்தார். மூன்றாவதில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"பூபதி, உன்னைய எனக்கு ரொம்பப் புடிக்கும்டா," என்றார் காற்றுச் சத்தத்தை மீறி. "இத்தன நாளும் சொல்ல மூச்சு பத்தல."

பூபதிக்கு முப்பத்திநாலு வயது. ஹேண்டில்பார் கொஞ்சம் ஆடியது. இது எத்தனை நாள் வரும் என்று கேட்டான். இப்படி முறுக்கினால் ரெண்டு மாசம் என்றார் டாக்டரம்மா.

அங்கேயே இதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேரைக் கேட்காமல் வண்டி எடுத்த குடும்பமில்லை அது. வராண்டாக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த பழனியப்பன் மாமாவைத் தேடிப் போனான். வராண்டா நீண்டதில் கோடி இப்போது சூலூர்ப் பக்கம் இருந்தது.

அப்பா பேசியதைச் சொன்னான். மாமா டீயை ஆற்றினார்.

"அது கெடக்குது மாப்ள. லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

மறுபடியும் சொன்னான். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களும் லிட்டருக்கு எவ்வளவு என்றே கேட்டார்கள். பிக்கப்பை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது என்றார் மாமா. பூபதி ரோஷத்தோடு எழுந்தான். ஆர்எக்ஸ்தான் என்று முடிவுகட்டித் திரும்பினான். போன தூரத்தைவிட வந்த தூரம் கூடுதலாக இருந்தது.

அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆர்எக்ஸ் சீட்டில் துண்டைப் போட்டு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்பாவுக்கு சாமுராயைப் பூட்டி முடித்திருந்தார்கள். பூட்டினால் பூட்டினதுதான், கழற்றுகிற வழக்கமில்லை என்றாள் நர்ஸ்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ அன்னூர்க்காரர். ஆர்எக்ஸ் புகைக்கு நடுவே பூபதியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. வெயில்ல அலஞ்சு கறுத்துட்டியே. சாப்ட்டியா?"

இன்னும் இல்லை என்றான் பூபதி. அவர் கடிந்துகொண்டார். ரொம்ப உரிமையாகக் கடிந்துகொண்டார். பூபதி நாற்காலியை ஒரு முழம் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டான்.

அப்பா அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பேசினால் மைலேஜ் அடிபடும்.