கொட்பிறியின் மல்பெரி வைன்

குசினி மூலையில் இருந்த வாளியின் மூடியைத் தூக்கியதும் பேர்ள் மூக்கைப் பொத்தினாள். ஊதா நிறத்தில் நுரை, நுரைக்கு மேல் சாம்பல் பூத்த ஆடை, அதன்மேல் மொய்த்துக்கொண்டு பூச்சிகள். புளித்த பழமும் அழுகின முட்டையும் சேர்ந்தடித்த நாற்றம். சீ, மனிசர் வாயில் வைக்கிற சாமானா இது. கிரவீன் ஊரில் தன் குசினியைப்போலச் சுத்தமான குசினி இல்லை என்று பெயரெடுத்தவள் அவள். அவள் பொரிக்கிற பற்றிஸுக்கும் ரோல்ஸுக்கும் பெண்டில் ஹில்லுக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்தக் குசினிக்குள் கட்டின மனிசன் ஒரு கக்கூசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

கொட்பிறிக்கு இந்த விசர் யூடியூப்பில் பிடித்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் காட்டுப்பழம் பொறுக்கி வைன் போட்டானாம். உடனே இவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரை நடைபாதையில் நிற்கும் மல்பெரி மரத்தடிக்குப் போனார். கையை உயர்த்திப் பறிக்கப் பஞ்சி. விழுந்து கிடந்ததைக் குனிந்து பொறுக்கினார். வௌவால் சப்பித் துப்பியது, நாய்கள் காலைத் தூக்கி நனைத்தது எல்லாம் வாளிக்குள் வந்து சேர்ந்தது.

"கழுவினனீங்களே?" என்று பேர்ள் கேட்டாள்.

"கழுவினா அதில இருக்கிற ஈஸ்ட் போயிடும். அதுதான் புளிக்க வைக்கிறது. உமக்கு உதுகள் விளங்காது."

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்குப் பெயிலான மனிசன் ஈஸ்டைப் பற்றி அவளுக்குப் படிப்பித்தார். வடித்த கதை அதைவிடக் கேவலம். வடிதுணி வாங்க மனமில்லாமல், தன் பழைய சாரத்தை நாலாக மடித்து அதிலே வடித்தார். அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் எங்கெங்கே சொறிந்தவர் என்று பேர்ளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வடித்ததைப் போத்தல்களில் அடைத்துக் கொஞ்ச நாளில் யோகா அக்கா பேர்ளின் சமையலை ருசி பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினா. மாதா கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குச் சாப்பாடு யார் செய்வது என்று தீர்மானிப்பவ அவதான். அவவின் நாக்கு பொல்லாதது, கண் அதைவிடப் பொல்லாதது. ஒரு வீட்டில் கோப்பை விளிம்பில் கறையைக் கண்டுவிட்டு, ஒரு வாயும் சாப்பிடாமல் எழும்பி வந்தவ. அந்த விழாவில் இருக்கிற சனம் முழுக்கத் தன் கையால் சாப்பிடவேண்டும் என்று பேர்ள் எத்தனையோ வருசமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, அவ வரேக்க அந்தச் சனியனை வெளியில எடுத்திடாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"எனக்கென்ன விசரே," என்றார் கொட்பிறி.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யோகா அக்கா வந்து கதிரையில் இருந்தா. பற்றிஸைப் பிய்த்து உள்ளே பார்த்தா, மணந்தா, பிறகு வாயில் வைத்தா. தலையை ஆட்டிக்கொண்டு இரண்டாவதை எடுத்துக் கடித்தா. பேர்ளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்து கொட்பிறி பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு கிளாஸோடு வந்து நின்றார்.

"வீட்டு வைன் அக்கா. கடையில கிடையாது."

பேர்ள் எழும்புவதற்குள் யோகா அக்கா ஒரு வாய் குடித்துவிட்டா. அவவின் முகம் ஒரு பக்கம் கோணியது. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. அடியில் கறுப்பாக ஒன்று கிடந்தது.

"இதென்ன கிடக்கு? ஆர் இதைச் செய்தது?"

"பேர்ள்தான் அக்கா," என்றார் கொட்பிறி, கண்ணை வெட்டாமல். "வடிவா வடியும் எண்டு நான் சொன்னனான்."

பேர்ள் அவரைப் பார்த்தாள். அந்த வாளியைத் திறந்தபோதும் இப்படிக் குமட்டவில்லை. இந்த மனிசனோடா இத்தனை வருசம் ஒரே கட்டிலில் படுத்தேன் என்று உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் வௌவால் வரும், நாய் வரும், சாரம் வரும். அவ்வளவும் புளித்தது அவளுடைய குசினியில். யோகா அக்கா பாதி கடித்த பற்றிஸை ஏற்கெனவே தட்டில் வைத்துவிட்டா.

"அது கராம்பு அக்கா," என்றாள் பேர்ள். "வாசத்துக்குப் போடுறனான்."

கிளாஸை வாங்கி, விரலை விட்டு அதை எடுத்தாள். கால்களை மடக்கிக்கொண்டு செத்துப்போன வண்டு. யோகா அக்கா வடிவாகப் பார்க்குமுன் வாயில் போட்டுக் கடித்தாள். ஓடு நொறுங்கியது. உள்ளேயிருந்து கசப்பாக என்னவோ கொழகொழவென்று நாக்கில் வடிந்தது. சிரித்த முகத்தோடு மென்று விழுங்கினாள்.

"நான் வேற என்னவோ எண்டெல்லோ நினைச்சிட்டன்," என்று யோகா அக்கா பற்றிஸைத் திரும்ப எடுத்தா. "அப்ப ஒளிவிழாச் சாப்பாடு உம்மட பொறுப்பு, பேர்ள். உந்த வைனையும் கொண்டு வாரும். பாதருக்கு வீட்டு வைன் எண்டா நல்ல விருப்பம்."

"ஓம் அக்கா," என்றாள் பேர்ள்.

அவவின் கார் தெருவைத் தாண்டியதும் கொட்பிறி முகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"என்ர வைனுக்குள்ள எப்ப கராம்பு போட்டனீர்? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லே."

பேர்ள் நாக்கால் பல்லைத் துழாவினாள். கடைவாய்ப் பல்லிடுக்கில் வண்டின் ஒரு கால் சிக்கியிருந்தது.