பிறக்காதவள் சமைத்த அடுப்பு

பிறக்காத குழந்தைக்குச் செய்த விளையாட்டு அடுப்புக்கு நான்கு வருடத்தில் மூன்று முறை கால் நீட்ட வேண்டிவந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம்.

செய்தவர் பெட்டிக்காரர். வெளியூருக்குப் போகும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிக்கிற கம்பெனியில் வேலை என்பதால் அந்தப் பெயர். அவர் மனைவிக்குத் தபால் பிரிக்கிற வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, டாக்டரம்மா ஃபைலை மூடிவைத்து, "இனிமே அலையாதீங்கம்மா" என்று அவளிடம் சொன்ன வாரம், அவர் மிச்சப் பலகைகளை வீட்டுக்கு எடுத்துவந்தார். பழைய சி.டி. இரண்டைப் பதித்து பர்னர் ஆக்கினார். பற்பசை மூடிகளைத் திருகுகளாக வைத்தார். பலகையில் அச்சடித்திருந்த 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்தை இழைக்க மனம் வராமல் விட்டுவிட்டார். உயரம்தான் இடித்தது. நீங்களே சொல்லுங்கள், பிறக்காத பிள்ளைக்கு யார் அளவு கொடுப்பது? "எவ்வளவு இருப்பா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, தன் தொடைக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். அவர் டேப்பைப் பிடித்துக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை திருகுகள் இரண்டும் திறந்திருந்தன. அதற்கு அடுத்த நாள், தகர மூடிகளில் கிழித்த இலையும் குழைத்த மண்ணும் இரண்டு பேருக்குப் பரிமாறியிருந்தது. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டதாகப் பாவனை செய்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பிறகு தினமும் அப்படித்தான். இரண்டாம் வருடம் ஒரு காலையில் அடுப்பின் கால்களுக்கு அடியில் நாலு செங்கல் இருந்தது. "குனிஞ்சு குனிஞ்சு பிள்ளைக்கு இடுப்பு வலிக்குது போல" என்றாள் அவள். அவர் புதுக் கால் அறுத்தார். ஆனால் ஆள் மட்டும் கண்ணில் படவில்லை. அவள் லீவு போட்டுவிட்டுக் கதவிடுக்கில் காத்திருந்தும் பார்த்தாள். காத்திருந்த நாளில் சமையலே நடக்கவில்லை. முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்பாள்.

நாலாம் வருடம் நாத்தனார் வந்தாள். "ஏன் அண்ணி, இது சும்மாதானே கிடக்கு? என் பொண்ணாவது விளையாடட்டும்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். சும்மா கிடக்கவில்லை என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. ஒன்பது நாள் அந்த மூலையில் இலை இல்லை, மண் இல்லை. அவளும் காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் பெட்டிக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றார். தங்கையின் ஐந்து வயது மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போயிருங்க மாமா. அந்த அக்கா என்னைத் தொடவே விடமாட்டேங்கிறா. எப்பப் பாரு வீட்டுக்குப் போகணும்னு ஒரே அழுகை."

"அக்கா எப்படிம்மா இருப்பா?"

"மூக்கு அத்தை மூக்கு. கோவம் உங்க கோவம். முன்னாடி ஒரு பல்லு இல்ல."

அவர் ஆட்டோ பிடிக்கத் தோன்றாமல், அடுப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துசேர்ந்தார். அதைப் பழைய மூலையில் இறக்கிவைத்து, கேட்டதை ஒரு சொல் விடாமல் மனைவியிடம் சொன்னார். அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எந்தப் பல்லு? மேலயா, கீழயா?" என்றாள்.

அதைக் கேட்க மறந்திருந்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, கேட்டுவரப் புறப்பட்டார்.