விலாசினி அறையின் ரோஸ் நிறம்

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலிக்காரர்கள் எண்ணெய் தேய்க்கிறீர்களா? எங்கள் செங்கன்னூரில் மழை விட்டாயிற்று. மழை விட்டால் இங்கே வீட்டுக்கு வீடு பெயிண்ட் வாசனைதான். அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு விலாசினியின் அறை ஞாபகம் வரும்.

விலாசினி குவைத் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் அனுப்பிய சம்பளத்தில் எழுந்த வீட்டில் தம்பி பிரசன்னன் குடும்பம் இருந்தது. கிழக்கு மூலையில் ஓர் அறை மட்டும் "சேச்சியோட ரூம்", அதாவது அக்காவின் அறை என்று பெயர். லீவில் அவள் வந்தால் அதில் கிடக்கும் தேங்காயும் பழைய சைக்கிளும் வெளியே போகும். அவள் திரும்பிப் போனதும் உள்ளே வந்துவிடும்.

இந்த முறை அவள் ஒரேயடியாக வருகிறாள். ஒரே ஓர் ஆசை, அந்த அறைக்கு ரோஸ் நிறம். ஹாஸ்டலில் நாலு பேரோடு வெள்ளைச் சுவரைப் பார்த்தே படுத்தவள். பிரசன்னன் பெயிண்ட் கடையில் நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி அவள் ஒரு நிறத்தை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினாள். கல்ஃப்காரர் வீடுகளில் பாதி இப்படி போனில்தான் கட்டி முடிகிறது.

புதன்கிழமை வந்து இறங்கினாள். பெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை, அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். போனில் பன்னீர் ரோஜா மாதிரி இருந்த நிறம், சுவரில் வேகவைத்த இறாலாக இருந்தது.

பின்னால் தம்பி மனைவி ஷைலஜா வந்து நின்றாள். "நான் அப்பவே இவர்கிட்ட சொன்னேன் சேச்சி, கேட்டாத்தானே. ஊரே சிரிக்கும். பேக்கரின்னு நெனச்சு பப்ஸ் கேட்டு வருவாங்க."

விலாசினிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஷைலஜா அடுத்ததைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம பையன் கண்ணனுக்குப் பாத்த பொண்ணு வீட்டுக்காரங்க வீடு காண வர்றாங்க. இதுல க்ரீம் அடிச்சிட்டா, கல்யாணம் ஆகப்போற பிள்ளைங்களோட ரூம்னு காட்டலாம். காத்தோட்டமான ரூம். சேச்சிக்கு அடுக்களைப் பக்கத்து ரூம் போதாதா, தனி ஆள்தானே?"

"மாடில ரூம் இருக்கே, ஷைலஜா."

"மாடி வெயிலு."

விலாசினி பெட்டியைக் கீழே வைத்தாள். ஆஸ்பத்திரியில் டூட்டி மாற்றிக் கேட்டால் சரி, லீவை விட்டுக் கொடுக்கச் சொன்னால் சரி. சரி சொல்லியே பழகிய நாக்கு. அதே சொல் இப்போதும் நுனி வரை வந்துவிட்டது.

அப்போது ஏணியிலிருந்து இறங்கினாள் பெயிண்டர் ஷீபா. குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுவின் பெயிண்டர் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. கையைத் துடைத்துக்கொண்டே, "சேச்சி, தப்பு ரோஸ்ல இல்ல, தரையில இருக்கு" என்றாள்.

தரை, ரெட் ஆக்ஸைடு கலந்து போட்ட பளபளவென்ற சிவப்பு சிமெண்ட். விலாசினியின் அம்மா துடைத்துத் துடைத்து மெருகேற்றியது.

"வெயில் இதுல பட்டு சுவத்துல ஏறுது. இருக்குற ரோஸோட இந்தச் செவப்பும் சேந்தா ஆரஞ்சாத்தான் போகும். போட்டோவுக்குத் தரை தெரியுமா? கடையில டியூப் லைட்டு, போன்ல வேற வெளிச்சம். ஒரு நாள் குடுங்க. வேற நிறம் கலந்து காட்டுறேன். புடிக்கலைன்னா க்ரீம்."

"ஒரு நாள்தான்" என்றாள் ஷைலஜா.

மறுநாள் ஷீபா மூன்று சார்ட் பேப்பரில் மூன்று ரோஸ் பூசி, தரையில் அடி படும்படி சுவரோரம் நிறுத்தினாள். "இங்கேயே உக்காந்து பாருங்க. காலைல, உச்சியில, சாயங்காலம். ரூம்ல என்னென்ன வைக்கப் போறீங்களோ எல்லாத்தையும் கொண்டு வாங்க. சுவரு தனியா நிக்காது."

கொண்டுவர விலாசினியிடம் என்ன இருந்தது? ஒரு பெட்டி. அம்மாவின் பலாமர அலமாரி. அம்மாவின் கரையில்லாத இரண்டு வெள்ளை முண்டு. அவ்வளவுதான்.

முதல் காகிதம் காலையிலேயே இறாலாகிவிட்டது. இரண்டாவது, உச்சி வெயிலில் பல்பொடி நிறம். மூன்றாவதைப் பார்த்ததும் விலாசினி, "இது அழுக்கா இருக்கே மோளே, அடுப்புச் சாம்பல் விழுந்த மாதிரி" என்றாள்.

"சாம்பல்தான் கலந்திருக்கேன், ஒரு சொட்டு நீலமும். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தின் பச்சை உள்ளே சாய்ந்தது. தரை கீழிருந்து தன் சிவப்பைக் கொடுத்தது. சாம்பல் ரோஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டு, குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் உள்ளங்கால் நிறமாக நின்றது. பிரசவ வார்டில் எத்தனை உள்ளங்கால்களுக்கு அவள் மை தடவி அடையாளம் எடுத்திருப்பாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுதான்."

"அப்ப திரை வெள்ளை முண்டு. அதுலயும் ரோஸ் வேண்டாம், திகட்டும். கூரைக்கு வெள்ளையில ஒரு கரண்டி இதையே கலக்குறேன், பளிச்சுன்னு கண்ணைக் குத்தாது. அலமாரிய பாலிஷ் போட்டுக் கெடுக்காதீங்க, அந்த மஞ்சப் பழுப்புதான் இதுக்கு ஜோடி."

சனிக்கிழமை உச்சிக்குள் இரண்டு கோட்டும் முடிந்தது. ஷைலஜா எட்டிப் பார்த்தாள். ஷைலஜா வாயடைத்தால் அதுவே நல்ல செய்தி.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். பழம்பொரி தின்றுவிட்டு வீடு காணக் கிளம்பினார்கள். பெண்ணின் அம்மா கிழக்கு அறையில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார். "அடடா, என்ன குளிர்ச்சி. இதுதான் பிள்ளைங்க ரூமா?"

ஷைலஜா வாயைத் திறந்தாள். பிரசன்னன் தரையைப் பார்த்தான்.

"இல்ல, இது என்னோட ரூம்" என்றாள் விலாசினி. குரல் உயரவில்லை. "பிள்ளைங்களுக்கு மாடி. அங்க வெயில் ஜாஸ்தி, தரையும் வேற. ஷீபாவைக் கூட்டிட்டுப் போய் நிறம் நானே பாத்துத் தர்றேன். போன்ல இல்ல, நேர்ல."

எல்லாரும் போன பிறகு ஷைலஜா இரண்டு கிளாஸ் சாயாவோடு வந்தாள். எத்தனையோ வருஷமாக நின்றே பேசிவிட்டுப் போகிற அறை அது. இன்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கேட்டிருக்கக் கூடாது சேச்சி."

"கேட்டதுல தப்பில்ல. நான்தான் இல்லைன்னு சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கிட்டேன். சாயாவ சிந்தாதே, பெயிண்ட் புதுசு."

காலிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்ற ஷைலஜாதான் ஒரு கை பிடித்தாள்.

உங்கள் அறைச் சுவர் என்ன நிறம்? அதைப் பொறுக்கியது நீங்களா, வேறு யாராவதா? போனில் பார்த்து ஏமாந்த கதை இருந்தாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள். படிக்க நான் காத்திருக்கிறேன்.