தகரத்தில் விழுந்த நீள ஓட்டை

வேலித் தகரத்தில் இருந்த ஓட்டையின் மேல் பெரியாயி கட்டைவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். மூடவில்லை. விரலை நீளவாக்கில் படுக்க வைத்தபோதுதான் மூடியது. துவக்குக் குண்டு துளைத்த இடம் வட்டமாக அல்லவா இருக்கும்? இது பூசணி விதை மாதிரி நீண்டு கிடந்தது. இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்றுமேடைக் காவலுக்கு இருந்தவனிடம், "இந்தத் தகரம் எனக்கு வேணும்ணே, வேற ஒன்னு கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் கட்டை அவிழ்த்தாள்.

அந்த ஓட்டையைப் போட்டது அவள் புருசன் மாரிசாமியின் குண்டு. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரையின் துவக்கை எடுத்துப் பன்றி சுடுகிறவன் அவன்தான். போன வாரம் விடியற்காலையில் தேயிலை நாற்றைக் கிளறிக்கொண்டிருந்த பன்றியை, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் படுத்திருந்து சுட்டான். கைக்கெட்டுகிற தூரம் என்று சொல்லலாம். குண்டு பன்றியை விட்டுத் தகரத்தில் போய் விழுந்தது. மிரண்ட பன்றி, தண்ணீர் எடுக்க வந்த பாக்கியலெட்சுமியின் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அவள் இன்னும் லயத்து வரிசையில் தன் வீட்டில் கால் நீட்டிக் கிடக்கிறாள்.

அன்றிலிருந்து கொழுந்து நிறுக்கிற இடத்தில் இதே பேச்சு.

"மாரிசாமி அண்ணனுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சாம்ல?"

"பன்னி எது, பாக்கியம் எதுன்னு தெரியலையாம்."

பெரியாயி கூடையை இறக்கி வைத்தாள். "ஒங்க சட்டியில பன்னிக்கறி கொதிச்சப்ப எல்லாம் அந்தக் கண்ணுதான் சுட்டுச்சு. அப்ப யாரும் பூவைப் பத்திக் கேக்கலையே."

அங்கே அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக் கதவின் பின்னால் ஒரு சிரட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். அதில் தண்ணீருக்குள் நந்தியாவட்டைப் பூ மிதந்தது. அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம் பார்த்து அவன் கண்ணைக் கழுவுகிறான்.

தகரத்தை அவன் முன்னால் சாத்தி வைத்தாள்.

"கண்ணுல என்னங்க?"

"தூசி."

"ஒரு வாரமாவா?"

அவன் கண்ணைக் கசக்கினான்.

"இந்த ஓட்டையப் பாருங்க. கண்ணு கெட்டிருந்தா குண்டு தள்ளிப் போகும். படுத்துக்கிட்டா போகும்? பதுளைக்குப் போயி, துவக்குத் திருத்துற இத்ரூஸ் நானாகிட்டத் துவக்கக் காட்டிருவோம்."

"வேணாம்."

"ஏன்?"

மாரிசாமி தகரத்தைப் பார்க்காமல் சிரட்டையைப் பார்த்தான். "துவக்கு நல்லாத்தான் இருக்குன்னு அந்த மனுசன் சொல்லிட்டா?"

சொல்லிவிட்டால் துவக்கு கணக்கப்பிள்ளையின் அக்கா மகன் கைக்குப் போகும். அவன் ஏற்கெனவே சும்மா கையால் குறி பார்த்துக்கொண்டு திரிகிறான். மாரிசாமி திரும்பவும் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கவேண்டும். அதையும் பிடித்துவிடுவான். ஆனால் மங்கிய கண்ணை மறைத்துக்கொண்டு சுட்டுத்தான் ஒரு பெண்பிள்ளையின் கால் போனது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு லயத்து வாசலில் எந்த முகத்தோடு நடப்பது?

"சொன்னா சொல்லட்டும்" என்றாள் பெரியாயி. "சிரட்டையில பூ போட்டு வச்சா மட்டும் தெரியாமப் போயிருமா?"

தொரையிடம் அனுமதித் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு மறுநாள் நடந்தார்கள். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிற காலம் அது. பதுளைக்கு மாட்டுவண்டி, இல்லாவிட்டால் கால்தான். அவன் துவக்கைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்திருந்தான். அவள் தகரத்தைத் தலையில் பிடித்துவந்தாள். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது.

"கொடையாவும் ஆச்சு" என்றாள்.

"ஒழுகுதா?"

"நீங்க போட்ட ஓட்டைதான், ஒழுகாம இருக்குமா?"

ஒரு வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

இத்ரூஸ் நானா பதுளைக் கடைத்தெருவில் குடை, பூட்டு, துவக்கு எல்லாம் திருத்துகிறவர். முதலில் தகரத்தை வாங்கி விரலால் ஓட்டையைச் சுற்றித் தடவினார். பிறகு ஒரு ஈயக்குண்டை எடுத்துத் துவக்கு வாயில் வைத்தார். பாதியில் நிற்கவேண்டிய குண்டு, ரொட்டித்துண்டு தேத்தண்ணிக்குள் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"உள்ளுக்குச் சுத்திச் சுத்திப் போற வரி இரிக்கும். அதுதான் குண்ட முறுக்கி நேரா அனுப்புறது. இதுல பேருக்குத்தான் இரிக்கி. முறுக்கில்லாட்டி குண்டு தலகீழாப் பெரண்டு போகும். என்ன தோட்டா போடுற?"

மாரிசாமி மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத் தகடு போர்த்திய குண்டு, பளபளவென்று. பழைய தோட்டாவில் சுட்டால் புகை மூடி எதிரே எதுவும் தெரியாது என்று அவன்தான் தொரையிடம் கேட்டுக் கேட்டு இதை வரவழைத்தான். வந்த நாளில் லயம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினான்.

நானா குண்டைக் குறட்டால் பிடுங்கினார். உள்ளே கறுப்பு மருந்து இல்லை. இடியப்பம் மாதிரி மஞ்சள் நூல்கள் இருந்தன. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினார். சீறிக்கொண்டு எரிந்து போனது. புகை என்று சொல்ல எதுவும் எழவில்லை.

"பாத்தியா சூட்ட? புதுத் துவக்குக்குச் செஞ்ச சாமான் இது. உன்ட துவக்கு ஈயம் தின்டு வளந்த கெழடு. அதுட இரும்பு இந்தச் சூட்டையும் தாங்காது, இந்தத் தகட்டுட அரத்தையும் தாங்காது." பிறகு பெரியாயி பக்கம் திரும்பினார். "சுட்ட பொறகு வெந்நி ஊத்திக் கழுவினீங்களா தங்கச்சி?"

பழைய தோட்டா நாட்களில் ஒவ்வொரு தடவையும் அவள்தான் கழுவுவாள். பானை நிறைய வெந்நீர் ஊற்றக் கரிக்குழம்பாக ஓடும். புதுத் தோட்டா வந்த பிறகு துணியை விட்டு இழுத்தால் துணி வெளுப்பாகவே வந்தது.

"கரியே இல்லையே நானா. எதைக் கழுவுறதுன்னு எண்ணெய் மட்டும் போட்டேன்."

"எல்லாரும் அதத்தான் செய்றாங்க. என்ன சங்கதின்டு எனக்கும் வெளங்கல்ல. இந்தத் தோட்டா போட்டு வெந்நி காட்டாத கொழலெல்லாம் உள்ளுக்குத் துருப்புடிச்சித்தான் ஏன்ட கைக்கு வருது."

பெரியாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மாரிசாமி சிரித்தான். அடக்கப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கியது.

"துவக்குக் கெட்டதுக்குச் சிரிக்கிற ஆள இன்டைக்குத்தான் பாக்குறன்" என்றார் நானா.

"கோளாறு கண்ணுல இல்லைல்ல நானா? துவக்குத்தானே?"

"துவக்குக் கெட்டது மெய். உன்ட கண்ணப் பத்தி நான் ஒன்டும் சொல்லல்லியே. அத நீதான் சுட்டுப் பாக்கணும்." பழைய தோட்டா கொஞ்சம் எடுத்துவைத்தார். "ஈயம் மெத்துன்டு இரிக்கும். வெடிக்கிற வேகத்துல அகண்டு மிச்சமிரிக்கிற வரியப் புடிச்சிக்கும். கிட்டப் போய்ச் சுடு. புதுக் கொழல் வாறவரைக்கும் இது ஓடும்."

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் மாரிசாமி தொரையிடம் சொன்னான்: "நான் ஆசைப்பட்டுக் கேட்ட தோட்டா துவக்க அரிச்சிருச்சுங்க." பெரியாயியும் முன்னால் வந்து, "கழுவாம விட்டது நாந்தாங்க" என்றாள். தொரை தகரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுக் குழலுக்குச் சீமைக்கு எழுதுவதாகவும், அதுவரை அவனே வைத்திருக்கட்டும் என்றும், அடுத்த பன்றியும் தப்பினால் துவக்கு கைமாறும் என்றும் சொன்னார். கணக்கப்பிள்ளையின் அக்கா மகன் அங்கேயே குறி பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பன்றி நாலாம் நாள் பொழுது சாயும்போது நாற்றுமேடைக்கு வந்தது. பெரியாயி வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் அவன் பின்னால் போனாள். "சுடுறதுக்கு முன்னாடியே கழுவ ஏத்திட்டியா புள்ள?" என்றான். "இந்தத் தடவ கழுவாம விடமாட்டேன்" என்றாள்.

கானுக்குள் தவழ்ந்து தவழ்ந்து, பன்றி வேரை அரைக்கிற சத்தம் கேட்கும் அளவுக்கு அவன் நெருங்கினான். வெடித்தது. மலை திருப்பிச் சொன்னது. துவக்கு வாயிலிருந்து கிளம்பிய வெள்ளைப் புகை, பனியோடு சேர்ந்து, நாற்றுமேடை முழுவதையும் மூடிக்கொண்டது. வேரை அரைக்கிற சத்தம் இல்லை. ஓடுகிற சத்தமும் இல்லை.

பெரியாயி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க தெரியுது?"

"பொகைதான்."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

அவன் கண்ணைக் கசக்கவில்லை. எழுந்து, துவக்கை ஊன்றிக்கொண்டு நின்றான். மேட்டின் புல் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பிறகு வேலி, வேலியில் புதிதாகக் கட்டிய, ஓட்டையில்லாத தகரம். அதற்குக் கீழே புகை இன்னும் கலையாமல் கிடந்தது.