முனைக்கு உட்புறம் ஒரு வீடு

காலையில் எழுந்து பல் துலக்கி, பாலைக் காய்ச்சி, சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தால் மனைவியின் பேச்சு ஒன்று அவன் முகத்தில் இடிக்கும். அவள் இறந்து மாதங்களாகியும், கல்யாணமான நாளிலிருந்து பேசியதெல்லாம் வீட்டுக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது. "சோப்பைத் தண்ணியில போடாதீங்க" மட்டும் நாலைந்து இடத்தில் இருந்தது.

அவனுக்கு இது அதிசயமாகப் படவில்லை. கடல் ஆய்வு நிலையத்தில் நெருக்கிப் பின்னிய வலையை இழுத்து, நண்டுக் குஞ்சுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்ப்பதுதான் அவன் வேலை. நிலம் கடலுக்குள் நீண்ட முனைக்கு வெளியே நீரோட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். உட்புறம் நீர் சுழல்வதால் குஞ்சுகள் பொரித்த இடத்திலேயே தங்கிவிடும். வீடு உட்புறம் இருந்தது. பேச்சுகளும் கடல்நீர் வற்றும்போது கட்டிலடியில் பதுங்கி, ஏறும்போது எழும்பின.

அவன் தேடிய ஒன்று மட்டும் அவற்றில் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போன நேரத்தில் அவன் வராந்தா பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். தன்னைக் கூப்பிட்டாளா? தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தான்.

நிலையத்துப் படகை ஓட்டும் அவள் அண்ணன் வந்தார்.

"வாசல்லயே 'செருப்பைக் கழட்டுண்ணே'ன்னு ஒண்ணு மோதுது மாப்ளே. போயும் அதிகாரம் குறையல."

"நீரோட்டம் எப்ப திரும்புது மச்சான்?"

"இந்த வாரம். ஆஸ்பத்திரி இருக்கிற அந்தக் கரையிலேருந்து இந்தப் பக்கம் வரும். அங்க சொன்னது வரணும்னா ஜன்னலைத் திறக்கணும். திறந்தா உள்ள இருக்கிறது ஒண்ணுகூட மிஞ்சாது."

"திறந்தும் அது வராமப் போனா?"

"குஞ்சு எல்லாமா கரை சேருது? நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

ஜன்னல் தாழ்ப்பாளைப் போட்டான், நீக்கினான், மறுபடி போட்டான். நீரோட்டம் திரும்பிய காலையில் எல்லா ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சண்டை, கொஞ்சல், கணக்கு, கொட்டாவி எல்லாம் தோளில் உரசிக்கொண்டு வெளியே போயின. அடுத்த ஊரில் ஆண்கள் யார் சொன்னதென்று கேட்காமல் சோப்பைத் தண்ணி படாத மேட்டில் எடுத்து வைக்கப் பழகினார்கள்.

வெறும் வீட்டில் மத்தியானம் வரை நடந்தான். அப்போது ஈரமாக, தரையை ஒட்டி, ஒன்று நிலைப்படி தாண்டி வந்தது. மண்டியிட்டுக் காதைக் கொடுத்தான். அது அவனிடம் சொன்னதல்ல, நர்ஸிடம் சொன்னது.

"அவரை எழுப்பாதீங்க சிஸ்டர், இப்பத்தான் கண்ணசந்தாரு."