இரண்டு சீட்டுப் பச்சைக் கார்

என் புருஷன் அழகன் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் டிரைவர். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மனுஷன். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், கொழும்புக் கார் கம்பெனி துரைக்கு அனுப்பிய படப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். நாலு கதவுக் கார், கூரை திறக்கிற கார், எதற்கு என்னென்ன நிறம், சீட்டுக்குத் தோலா துணியா, ரேடியோ வேண்டுமா என்று எல்லாமே படமாகப் போட்டிருந்தது. துரை ஒன்று வாங்கப் போகிறாராம். எது நல்லதென்று பார்த்துச் சொல்லச் சொன்னாராம்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வழவழப்பான தாள் கிடைத்தால் அது சுவருக்குத்தான். மாப்பசை தடவி ஒட்டினால் குளிர் கொஞ்சம் அடங்கும். அவர் முகம் கழுவி வருவதற்குள் ஒட்டிவிட்டேன். துரை திருப்பிக் கேட்டால் என்ன செய்வதென்று பதறினார். அப்புறம், படுத்துக்கொண்டே பார்க்க வசதிதான் என்று அவரே சமாதானமாகிவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் படுத்தபடி சுவரிலிருந்த கூரை திறக்கிற பச்சைக் காரை ஓட்டுவார். பொகவந்தலாவை மலை ரோட்டு வளைவுகளில் கை தானாகத் திரும்பும். கூரையைத் திறந்தால் பனி உள்ளே வந்து மடியில் உட்காருமாம். கேட்டுக் கேட்டு எனக்கும் எங்கள் ஒற்றையறைக் காம்பராவே மெல்ல நகர்வது போலிருக்கும்.

துரை எங்கே உட்காருவார் என்று ஒருநாள் கேட்டேன். பின்னால் என்றார்.

"பின்னுக்குச் சீட்டே இல்லீங்களே."

எழுந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டே சீட்டு, துரைக்கும் துரைசானிக்கும். இதை வாங்கினால் துரையே ஓட்டிக்கொள்வார். இவர் மண்வெட்டியோடு மலைக்குப் போக வேண்டியதுதான். நாலு கதவுக் காரையே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர், பச்சைக் காரைச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எது நல்லதுன்னு துரை கேட்டப்ப வாயில பொய் வரல, மீனம்மா."



மாசியில் கார் வந்தது. கொழும்பிலிருந்து அதை ஓட்டிவருவதுதான் அவருக்குக் கடைசி டிரைவர் வேலை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து பச்சையாக வந்து என் பக்கத்தில் நின்றது. கூரை திறந்திருந்தது.

"ஏறு புள்ள. பங்களா வரைக்கும் நம்ம காரு."

கூடையை ரோட்டோரம் வைத்துவிட்டு ஏறினேன். அவர் சொன்னது சரிதான், பனி உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. விடிந்தால் மண்வெட்டி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வளைவுகளில் கோபம் வரவில்லை. இரண்டு சீட்டு எங்களுக்குப் போதுமாகத்தான் இருந்தது.