பக்கத்துப் பிள்ளையின் பதில்

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காம இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கண்ணாடி முன் நின்று டையை இறுக்கிக்கொண்டே கணவன் சொன்னான். அவன் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவளுடைய வகுப்பறையில் அவனும் அவனுடைய பேராசிரியரும் ஓராண்டாக நடத்திய ஆய்வு இன்று கருத்தரங்கில் அரங்கேறுகிறது.

"கட்டுரையில என் பேரே இல்லையே?" என்றாள், அவனுடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டபடி.

"ஏன் இல்ல? கடைசியில நன்றி சொல்லியிருக்கோமே. 'வகுப்பறையைத் தந்து உதவிய ஆசிரியைக்கு'ன்னு."

"வகுப்பறை அரசாங்கத்தோடது. நான் தந்தது வேற."

மாமியார் குறுக்கே வந்தாள். "புருஷன் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானேம்மா? அவனுக்கு வேலை நிரந்தரமாகட்டும். கொஞ்சம் பெரிய மனசு பண்ணு."

பெரிய மனசு பண்ணுவது அந்த வீட்டில் மருமகளின் இலாகா. கல்யாணத்தன்று ஒப்படைத்தார்கள், இன்றுவரை வேறு யாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

பேசப் பயந்த பிள்ளைகளுக்காக அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். யாரும் தன் பதிலைச் சொல்ல வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் பதிலைக் கேட்டு, எழுந்து அதைச் சொன்னால் போதும். தப்பானாலும் வெட்கமில்லை. வாயே திறக்காத பிள்ளைகள்கூடப் பக்கத்துப் பிள்ளைக்காக வாதாடத் தொடங்கின. பேராசிரியர் வந்தார், பார்த்தார், அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார். பெயர் வைத்தவர்தானே தகப்பன்!

அரங்கில் பல்கலைக்கழகத்தாருக்கு மேடையில் மெத்தை நாற்காலி. ஆசிரியைகளுக்குக் கடைசி வரிசை.

பேராசிரியர் மைக்கைத் தட்டினார். "பள்ளி ஆசிரியர்கள் எங்களுக்கு வெறும் ஆய்வுப் பொருள் இல்ல. சம பங்காளிகள்!"

கைதட்டல் எழுந்தது. பங்காளிகளில் இருவர் அப்போது வெளியே தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்துக் கணவன் பேசினான். நன்றாகவே பேசினான், வீட்டிலேயே ஓராண்டு பாடம் கேட்டவன் அல்லவா? முடித்துவிட்டு, "கேள்வி ஏதாவது?" என்றான்.

அவள் எழுந்தாள். அவன் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கே உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. உட்காரவில்லை.

"கேள்வி இல்ல சார். ஒண்ணு விட்டுப்போச்சு. எங்க வகுப்புல அடுத்தவங்க பதிலைச் சொல்றதுக்கு முன்னாடி, அது யாரோட பதில்னு பேரைச் சொல்லணும். சொல்லாத பிள்ளையை நான் உட்கார விடமாட்டேன்."

கணவன் மேடையில் நின்றுகொண்டே இருந்தான். அவளும் அவனையே பார்த்தபடி நின்றாள்.

பேராசிரியர்தான் காப்பாற்றினார். "அடடா, அருமையான அம்சம்! குறிச்சுக்குங்க தம்பி."

கணவன் குனிந்து குறித்துக்கொண்டான்.

அவனுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கட்டுரையும் விரிந்து நூலாக வந்தது. அவள் சொன்ன விதிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருந்தார்கள். தலைப்பு: 'சொன்னவரின் பெயரைச் சொல்லும் பண்பு – எங்கள் குழுவின் கண்டுபிடிப்பு.'